ராஜாவுக்கு மேலே ஜாக்

மதிப்புக்குரிய பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பியின் மகள் தர்மிகா வணக்கத்துடன் எழுதுவது. ஓல்டனில் நீங்களும் பெரியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்கடின் பள்ளத்தாக்கில் அம்மா சுகம், நான் சுகம், அப்பா சாப்பிடுவதில்லை.

"காட்ஸ் பிடிக்கிற கையோட திரிம்பாக் கோவிலுக்கு வரவேண்டாம் எண்டு அவனுக்குச் சொல்லு" என்று அப்பாவைப் பற்றிப் போன மாதம் தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னீர்கள். அந்தக் கை இனிச் சீட்டுப் பிடிக்காது. அதற்குக் காரணம் நான்.

பதினான்கு வருடம் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவி அப்பாவின் விரல்கள் வெடித்துவிட்டன. ஈரமில்லாத வேலை பார்க்கும்படி தோல் வைத்தியர் சொன்னார். எங்கள் ஊரில் பனிச்சறுக்குக் கூட ஈரம்தான். மிச்சமிருந்தது கசினோவில் சீட்டுப் போடும் வேலை. பரீட்சைக்கென்று அறுபத்திரண்டு பக்க ஜெர்மன் புத்தகம் ஒன்று தந்தார்கள். பின்னேரங்களில் நான் வாசித்துத் தமிழில் சொல்ல, அப்பா பணத்துக்குப் பதில் கடலை வைத்துப் பழகினார். எல்லோருக்கும் தெரிந்த போக்கருக்கு அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருப்பதால், அப்பாவுக்குக் கிடைத்தவை யாருக்கும் தெரியாத வகைகள். கரிபியன் ஸ்டட்டில், சீட்டுப் போடுபவரின் கையில் குறைந்தது ஒரு ஏஸும் ராஜாவும் இல்லாவிட்டால் அவருக்கு ஆடவே தகுதியில்லை. பாய் காவில் ஏழு சீட்டை ஐந்தும் இரண்டுமாகப் பிரிக்க வேண்டும். ஒன்று வென்று மற்றது தோற்றால் யாருக்கும் ஒன்றுமில்லை, அடிக்கடி அப்படித்தான் முடியும். "இதுக்கு ஏன் விளையாடுவான், சும்மா இருந்து கதைக்கலாமே" என்றார் அம்மா. இந்தப் பாவத்தில் தனக்குப் பங்கில்லை என்று சொன்னவர், மூன்றாம் நாள் தான் வென்ற கடலை எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டார்.

எனக்குப் பதினெட்டு வயதாகவில்லை, ஆட்ட மண்டபத்துக்குள் விடமாட்டார்கள் என்பதால் பரீட்சையை வேலையாட்களின் சாப்பாட்டு அறையில் வைத்தார்கள். நான் மொழிபெயர்ப்பாளர். பரீட்சகர் பெயர் மிஷெல். வாடிக்கையாளராக நடிக்க ஓய்வுபெற்ற ரயில் கண்டக்டர் ஒருவர் வந்திருந்தார். முதல் இரண்டு ஆட்டங்களிலும் அப்பா பிழை விடவில்லை. கடைசி, மூன்று சீட்டுப் போக்கர். கண்டக்டரிடம் ஜாக், ஒன்பது, நாலு. அப்பாவிடம் ராஜா, எட்டு, ஐந்து. ராஜா வெல்ல வேண்டும். ஆனால் அப்பா கண்டக்டரின் ஜாக்கைக் கண்டதும் மரியாதையோடு தலையை ஆட்டி, பந்தய வில்லைகளை அவர் பக்கம் தள்ளிவிட்டார். கண்டக்டர் மேசையில் ஓங்கித் தட்டி அள்ளிக்கொண்டார். மிஷெல் "மிக நன்று" என்று எழுதினார்.

பெரியப்பா, நம் ஊர் முந்நூற்றி நாலு சீட்டாட்டத்தில் ஜாக்தான் பெரிது, அடுத்தது ஒன்பது. சுவிஸ்காரரின் யாஸ் ஆட்டத்திலும் துரும்பு இனத்தில் அதே ஒழுங்குதானாம். மூன்று பெரிய மனிதர்கள் ஒரு பிழையை ஒற்றுமையாக ரசித்துக்கொண்டிருந்தார்கள். எந்தச் சீட்டாட்டமும் தெரியாத எனக்குப் புத்தகம் மட்டுமே தெரிந்திருந்தது. கையை உயர்த்தி, "நாற்பத்தோராம் பக்கம்" என்றேன்.

"பிள்ளை, பேசாமல் இரு" என்றார் அப்பா.

"என்ன சொல்கிறார்?" என்று மிஷெல் கேட்டார். மொழிபெயர்ப்பது என் கடமை என்பதால் அதையும் மொழிபெயர்த்தேன்.

அப்பா எழுந்து, கண்டக்டரிடம் மன்னிப்புக் கேட்டு, வில்லைகளைத் திரும்ப வாங்கினார். மிஷெல், தான் எழுதியதை வெட்டி, "சித்தியில்லை" என்று எழுதினார். வீடு வரும்வரை அப்பா சொன்னது ஒன்றே ஒன்று: "நீ நல்லா வாசிக்கிறாய்." முந்நூற்றி நாலு பழக்கியது யாரென்று கேட்டேன். "உன்ர பெரியப்பாதான். பிழை விட்டால் தலையில குட்டுவார்" என்றார்.

திங்கட்கிழமை அவர் திரும்பவும் கோப்பை கழுவப் போகிறார். ஆகவே தயவுசெய்து ஒருமுறை அழைத்துக் கதையுங்கள். சீட்டைப் பற்றி வேண்டாம், விரல்களைப் பற்றிக் கேளுங்கள்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் இருவரின் ஆசியும் எனக்கு வேண்டும், குட்டு இல்லாமல்.

உங்கள் பெறாமகள்,
தர்மிகா

பி.கு.: இந்தக் கடிதம் மூன்று வாரமாக என் கணிதப் புத்தகத்துக்குள் இருந்துவிட்டது. இதற்கிடையில் கசினோ முகாமையாளர் எலேனா அழைத்தார். பிழையை மேசையிலேயே திருத்தி மன்னிப்புக் கேட்கும் ஆள்தான் தங்களுக்குத் தேவையாம். அப்பா முதலாம் திகதி தொடங்குகிறார். பிழையைக் காணாமல் விட்ட மிஷெல்தான் இனிப் பரீட்சை எழுத வேண்டும். அவருக்குப் புத்தகம் விளக்க என்னைக் கேட்டார்கள், புதன்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறார். இதுவரை ஒரு பக்கமும் புரட்டவில்லை. அப்பா அவருக்கு முந்நூற்றி நாலு பழக்குகிறார், அம்மா மூன்றாவது கை. நாலாவது கைக்கு ஆளில்லை. "அண்ணையை வரச்சொல்லி எழுது, ஆனால் மிஷெலுக்குக் குட்டக்கூடாது" என்கிறார் அப்பா.