கிரெய்ன் மாப்பிள்ளை

வலங்கைமான்,
தை 28.

பெருமதிப்பிற்குரிய மச்சான் நடராசன் அவர்களுக்கு, தங்கள் தங்கை தங்கமணியின் புருஷன் பஞ்சநதம் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர மற்ற யாவரும் சுகம். மஸ்கட்டில் தாங்களும் தங்கள் சர்க்கரையும் ஒரு கட்டுக்குள் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இதை வாட்ஸப்பில் அனுப்பாமல் ஏன் தபாலில் அனுப்புகிறான் என்று நினைப்பீர்கள். வாட்ஸப்பில் நான் எவ்வளவு நீளமாக எழுதினாலும் தாங்கள் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். அது சம்மதமா, படித்தாயிற்று என்பதா, தெரியாமல் கை பட்டதா என்று நானும் தங்கமணியும் இரண்டு நாள் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது. இது நம்ம பெண் குந்தவையின் கல்யாண விஷயம், கட்டைவிரல் போதாது.

சென்ற மாதம் தாங்கள் போனில் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். "படம் தொடைக்கிற பயலுக்கா எம் மருமவளக் குடுக்கிறது? மாப்ள, நீங்க முப்பத்தோரு வருஷம் நெல்லத் தரம் பாத்தவரு. அவன் வேலையயும் தரம் பாத்து எழுதுங்க. தேறும்னு நீங்க எழுதினா நான் வந்து மாலை எடுத்துக் குடுக்கிறேன். இல்லன்னா இல்ல." தாய்மாமன் வந்து நிற்காத கல்யாணம் ஒரு கல்யாணமா என்கிறாள் தங்கமணி. ராஜ்குமார் இல்லாத கல்யாணம் ஒரு கல்யாணமா என்கிறாள் குந்தவை. நடுவில் நான் நிற்கிறேன், முழங்கால் வலியோடு. எனவே இதனுடன் என் தர அறிக்கை.

முதலில், இந்தக் குழப்பத்துக்கு ஆரம்பம் நான்தான் என்பதை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். திருப்பனந்தாள் தரகர் கொண்டுவந்த ஜாதகத்தோடு இருந்த தாளில், சென்னையில் வேலை, கிரெய்ன் மேனேஜ்மென்ட் பிரிவு என்று போட்டிருந்தது. கிரெய்ன் என்றால் தானியம் என்று எனக்குத் தெரியாதா, முப்பத்தோரு வருஷம் அந்த வார்த்தை அச்சடித்த படிவத்தில்தானே கையெழுத்துப் போட்டேன். நம்ம லைனிலேயே மாப்பிள்ளை என்று அன்றைக்குச் சாயங்காலமே கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணினேன். பெண் பார்க்க வந்தபோது பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினேன். புதுசைவிடப் பழைய கிரெய்ன்தான் சார் அழகு என்றான். பழைய அரிசியின் அருமை தெரிந்த பையன் என்று நினைத்தேன். எத்தனை வருஷப் பழசு வரைக்கும் எடுப்பீர்கள் என்றேன். நாற்பத்தைந்து வருஷம் என்றான். வண்டு பிடிக்காதா என்றேன், பூஞ்சைதான் சார் தொல்லை, ஒவ்வொன்றாகக் கையாலேயே சுத்தம் பண்ணுவோம் என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, இந்தக் காலத்தில் யார் கையால் பொறுக்குகிறார்கள். சரி, ஈரம் எவ்வளவு வரைக்கும் விடுவீர்கள் என்று கேட்டேன். நாற்பது சதவீதம் வரைக்கும் பரவாயில்லை என்றான். கேசரி எனக்குப் புரையேறிவிட்டது. இங்கே பதினேழுக்கு மேல் ஒரு புள்ளி ஏறினால் கொள்முதல் நிலையத்தில் அடிதடி நடக்கும். சென்னையில் ஏதோ புது மிஷின் வந்திருக்கிறது என்று முடிவு பண்ணிக்கொண்டு, மேற்கொண்டு கேட்டால் நம் அறியாமை வெளியே வந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் தாங்கள் சென்னையில் விசாரித்து, அது நெல் இல்லை, பழைய சினிமாப் படச்சுருளைத் துடைத்துப் புதுப்பிக்கிற வேலை, கிரெய்ன் என்பது படத்தில் தெரிகிற பொடிப்பொடியான புள்ளி என்று சொன்னபோது எனக்குக் காது சுட்டுவிட்டது. ஆனால் ஒன்று மச்சான். அந்த நாற்பது சதவீதம்கூடச் சுருள் வைக்கிற அறைக் காற்றின் ஈரமாம், அவன் சொன்னது அத்தனையும் நிஜம். நான் புரிந்துகொண்டது அத்தனையும் நெல்.

தங்கள் நிபந்தனையைக் கேள்விப்பட்டதும் பையனே கூரியரில் ஒரு பெட்டி அனுப்பிவிட்டான். 'வால்வெள்ளிக் கப்பல்' என்று வெளிநாட்டுக்காரன் நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் எடுத்த விண்வெளிப் படம், ஐந்து பாகம், ஐந்து தட்டு. வீட்டில் போட்டுப் பார்ப்பதற்காகத் துலக்கமாகச் செய்து மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள், அதில் பாதி வேலை இவன் கைவேலை. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: "குறை இருந்தால் குறை என்றே எழுதுங்கள் மாமா." கதை என்னவென்றால், ஒரு கப்பல் வால்வெள்ளிக்குப் பின்னாலேயே போகிறது. ஐந்து படமும் போகிறது. கடைமடைக்குத் தண்ணீர் வருகிற மாதிரி ஐந்தாவதின் கடைசியில்தான் போய்ச் சேருகிறது.

தட்டு வந்துவிட்டது, போட்டுப் பார்க்க மெஷின் இல்லை. தஞ்சாவூரில் மூன்று கடை ஏறினேன். இதெல்லாம் இப்ப யாரு சார் வாங்குறா, எல்லாம் போன்லயே வருதே என்று ஒருவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். ஒரத்தநாட்டில் கல்யாண வீடியோ எடுக்கிறவரிடம் ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்லி, இரண்டு பஸ் மாறிப் போனேன். அவர் மெஷினில் போட்டால், இந்தத் தட்டு இந்தப் பிராந்தியத்தில் ஓடாது என்று எழுத்து வருகிறது. வெளி மாவட்ட நெல்லை இங்கே எடுக்க மாட்டோம் என்று நான் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பாவம்தான் ஒரத்தநாட்டில் என்னைப் பிடித்தது. கடைசியில் பார்த்தால் அடுத்த தெருவிலேயே, கமருன்னிஸா வீட்டில், அவர் வீட்டுக்காரர் சவூதியிலிருந்து கொண்டுவந்த மெஷின் பூப்போட்ட துணி போர்த்தி, மேலே பிளாஸ்டிக் ரோஜாவோடு பத்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறது. அதில் ஓடியது. மெஷினைத் தனியா அனுப்ப மாட்டேன், நானும் கூட வருவேன் என்றார் அந்தம்மா. வந்தார். வந்ததிலிருந்து கையில் ஒரு துணியை வைத்துக்கொண்டு மெஷின், டிவி, என் மூக்குக்கண்ணாடி என்று எதில் தூசி கண்டாலும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தினம் ஒரு படம் என்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தோம். நான் பழைய படிவம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். அயல்பொருள், பதர், சேதமடைந்தது, நிறம் மாறியது, ஈரம், எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. முதல் படம் ஓடி அரை மணி நேரத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிவிட்டேன். ஆளெல்லாம் துணிக்கடை பொம்மை மாதிரி வழவழவென்று இருக்கிறார்கள், கப்பல் வழுக்கிக்கொண்டு போகிறது. குந்தவை என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள், கண்ணில் நீர் தளும்ப ரிமோட்டை எடுத்து ஏதேதோ அழுத்தினாள். தவறு தட்டில் இல்லையாம். நம்ம டிவி எது வந்தாலும் தானாகவே மெருகு போட்டுவிடுகிற மாதிரி கடைக்காரனே வைத்துக் கொடுத்திருக்கிறானாம். அதை நிறுத்தினாள். உடனே கேப்டன் கன்னத்தில் அம்மைத் தழும்பு தெரிந்தது, சட்டைக் காலரில் நைந்த நூல் தெரிந்தது. அட, மனுஷன். எழுதினதை அடித்தேன்.

மெருகு போனதும் இன்னொன்று தெரிந்தது. திரை பூராவும் பொடிப்பொடியாக ஏதோ துடிக்கிறது, நெல் தூற்றும்போது வெயிலில் தெரிகிற மாதிரி. உடனே பையனுக்குப் போன் போட்டேன். தம்பி, படம் பூராப் பதர் பறக்குதே, என்ன சுத்தம் பண்ணினே என்றேன். "அது பதர் இல்ல மாமா, அதுதான் கிரெய்ன். அந்தக் காலத்து ஃபிலிமே அந்தப் பொடி மணியாலதான் ஆனது. தூசின்னு அதை எடுத்தா, கூடவே முகமும் போயிடும்" என்றான். எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. அரிசியை ரொம்பத் தீட்டினால் பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும், சத்து மொத்தமும் தவிட்டோடு போய்விடும், அந்தக் கதைதானே என்றேன். அந்தப் பக்கம் அவன் கிட்டத்தட்ட அழுதுவிட்டான். இதைத்தான் மாமா ஆபீஸ்ல நான் தினம் சொல்றேன், யாருக்கும் புரியல என்றான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவனும் நானும் ஒரே கிரெய்னைப் பற்றிப் பேசினோம்.

இரண்டாவது படத்துக்கு எல்லாக் கட்டத்திலும் நல்ல மதிப்பெண். கப்பல் கிளம்புகிற சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர, கமருன்னிஸா தண்ணீர் டம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தங்கமணி அடுப்படியிலிருந்து தோசைமாவுக் கையோடு ஓடிவந்து, "இந்தா, இந்த இன்ஜினியர் நம்ம ராஜ்குமார் சாயல்ல இல்ல?" என்று திரையிலேயே விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனாள். சாயலும் இல்லை, ஒன்றும் இல்லை.

மூன்றாவது படத்தில்தான் விஷயம். கேப்டன் தனியாக ஜன்னல் ஓரம் நிற்கிறார், வெளியே கும்மிருட்டு, நட்சத்திரம். நான் எண்ணுகிறவன், தங்களுக்குத் தெரியும். ஏழு. அப்புறம் கரண்ட் போனது, வந்தது, படம் ஓடியது, ஒரு மணி நேரம் கழித்து அதே ஜன்னல், அதே கேப்டன். எண்ணினேன். ஆறு. கமருன்னிஸா திருப்பிப் போட்டுப் பார்க்கலாமே என்றார். ஒருமுறை தரம் பார்த்ததை மறுபடி பார்க்கிற வழக்கம் எனக்கில்லை என்று சொல்லிவிட்டுப் பையனைப் போனில் கூப்பிட்டேன். தம்பி, ஒரு நட்சத்திரம் குறையுது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சமாளிப்பான், மெஷின் கோளாறு என்பான், வெளிநாட்டுக்காரன் தப்பு என்பான், படிவத்தில் எந்தக் கட்டத்தில் இதை எழுதுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் மாமா எடுத்தேன். தூசின்னு நெனைச்சுத் தொடைச்சுட்டேன். தட்டு அச்சாகி வந்தப்புறம்தான் பாத்தேன். மேலதிகாரிகிட்டப் போய்ச் சொன்னேன். யாருப்பா எண்ணப் போறான்னு சிரிச்சாங்க. ரெண்டு வருஷமா அது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. நீங்க எண்ணிட்டீங்க."

மச்சான், போனை வைத்துவிட்டு நான் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. முழங்கால் காரணமில்லை. இனி எழுதப் போவதை இருபத்திரண்டு வருஷமாகத் தங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தை மாதம் தாங்கள் சம்பா நெல்லை டிராக்டரில் என் நிலையத்துக்குக் கொண்டுவந்தீர்கள். மீட்டரில் இருபத்திரண்டு காட்டியது. நாலு நாள் வெயிலில் காய்ந்த நெல் மாப்ள, இன்னொரு தரம் போட்டுப் பாருங்க என்று ஊர் முன்னால் கையெடுத்துக் கேட்டீர்கள். மச்சான் நெல் என்று சலுகை காட்டினான் என்று பேர் வரக்கூடாது என்று நான் போட்டுப் பார்க்கவில்லை. திருப்பி அனுப்பினேன். வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது, மூட்டை மூட்டையாக முளை விட்டுப் போனது. மறுநாள் மீட்டரைத் திறந்தால் பேட்டரி செத்துக் கிடக்கிறது. புதுசு மாற்றி, மேசை மேல் சிந்திக் கிடந்த தங்கள் நெல்லையே அள்ளிப் போட்டுப் பார்த்தேன். பதினாறு. அந்த ஆனியிலேயே தாங்கள் மஸ்கட் போய்விட்டீர்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை, தங்கமணியிடம்கூட. தாங்கள் இன்று ஏசி அறையில் உட்கார்ந்திருப்பதற்கு அந்த பேட்டரிதான் காரணம் என்று என்னை நானே சமாதானம் பண்ணிப் பார்த்திருக்கிறேன், செல்லுபடியாகவில்லை. ஒரே ஒரு நட்சத்திரம், கேட்ட மாத்திரத்தில் அந்தப் பையன் ஒத்துக்கொண்டான். எனக்கு ஒத்துக்கொள்ள ஒரு வண்டி நெல் போதவில்லை.

என்னை மன்னியுங்கள் மச்சான். மன்னிக்க முடியாவிட்டால் நேரில் வந்து திட்டுங்கள். கல்யாணத்துக்கு வந்து திட்டினால் எல்லோருக்கும் சௌகரியம்.

ஆகவே என் முடிவான அறிக்கை: 'வால்வெள்ளிக் கப்பல்', ஐந்து தட்டு. அயல்பொருள் இல்லை. நிறம் மாறவில்லை. மணி கெடவில்லை. ஒரு நட்சத்திரம் குறைவு, அதைச் செய்தவன் மறைக்கவில்லை. முதல் தரமான சன்னரகம். பையனும் அதே ரகம். வைகாசியில் முகூர்த்தம் பார்க்கச் சொல்லிவிட்டேன், அதற்குள் லீவு கேட்டு வையுங்கள். வெளியே அறுவடை மிஷின் சத்தம், ரோடு பூரா நெல் காய்கிறது, இந்த வருஷம் மகசூல் பரவாயில்லை. அக்காவுக்கு எங்கள் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், தங்கள் கட்டைவிரலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்பு.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
ச. பஞ்சநதம்
தர ஆய்வாளர், ஓய்வு.

பின்குறிப்பு: உறையில் போடுமுன் கடிதத்தைத் தங்கமணிக்குப் படித்துக் காட்டினேன். நெல் விஷயத்துக்கு அவள் ஒரு மணி நேரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் வாயைத் திறந்து, "அந்த ஏழாவது நட்சத்திரம் எந்த மூலையில இருந்துச்சு?" என்று கேட்டாள். இடது பக்கம் மேலே என்றேன். "நான் மாவுக் கையோட இன்ஜினியரக் காட்டினது அங்கதான்" என்றாள். கரண்ட் போயிருந்தப்ப டிவியைத் துடைத்தேனே, காய்ந்த மாவு ஒரு பொட்டு இருந்துச்சே என்றார் கமருன்னிஸா. வெளிச்சக் காட்சியில் தெரியாதது இருட்டில் நட்சத்திரமாகிவிட்டது. இந்தத் தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஆறுதான், ஆதியிலிருந்தே ஆறுதான். பயந்துபோய்ப் பையனைக் கூப்பிட்டு, பின்னே எதுக்குத் தம்பி ஒத்துக்கிட்டே என்று கேட்டேன். நான் எடுத்தது நாலாவது படத்துல மாமா, கடைசிக் காட்சியில, நீங்க அதைச் சொல்றீங்கன்னு நெனைச்சேன் என்றான். ஆக, நான் கண்டுபிடித்தது தோசைமாவு. அவன் சொன்னது நிஜம். மேலே என் பேருக்குக் கீழே 'தர ஆய்வாளர்' என்பதை அடித்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை தேறிவிட்டான் மச்சான். மாமனாரை மட்டும் தாங்கள் நேரில் வந்து தரம் பார்க்க வேண்டும்.