எழுபது வீத விடுதலை

சிட்னியில் மழை எப்போது வருமென்று அறிய வானொலியைத் திருப்ப வேண்டும். தமிழனுக்கு நாடு எப்போது வருமென்று அறிய எங்களிடம் வந்தால் போதும். நாங்கள்தான் வாய்ப்புப் பார்ப்பவர்கள். எங்கள் இனத்தில் ஒருவரையாவது நீங்கள் கண்டிருப்பீர்கள். கலியாண வீட்டில் பந்தி போடுமுன்னரோ, டூங்கபி ரயில் மேடையிலோ, உங்கள் தோளில் கையை வைத்து, குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்காரருக்குத் தமிழ் விளங்கிவிடுமோ என்பதுபோல் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "இந்தமுறை சான்ஸ் எப்பிடி?" என்று கேட்பார். உங்கள் பதிலுக்காக அல்ல. பதில் அவரிடமே இருக்கிறது. நூற்றுக்கு இத்தனை என்று, வீதத்தில் இருக்கிறது.

நான் இந்த இனத்தைத் தூரத்தில் நின்று பார்த்து எழுதவில்லை. அதன் செயலாளர் நான்தான்.

எங்கள் அமைப்பின் முழுப்பெயர் 'புதுப்பிக்கப்பட்ட சுதந்திர இயக்கத்தின் வாய்ப்புகளை ஆராயும் குழு, சிட்னிக் கிளை'. தலைமை நிலையம் எங்கே என்று கேட்காதீர்கள். கிளைதான் முதலில் முளைத்தது. சனிக்கிழமைகளில் பின்னேரம் நாலு மணிக்கு, தலைவர் விக்னராஜா அண்ணரின் டூங்கபி வீட்டில் கூடுவோம். அவர் ரயில் பகுதியில் எஞ்சினியர். வீதம் சொல்பவர் அரியரத்தினம் அண்ணர். வானிலைக் கந்தோரில் வேலை செய்கிறார். வாரநாட்களில் மழையைக் கணித்துப் பழகிய கை. டொக்டர் கணேசலிங்கம் வருங்கால வெளிநாட்டமைச்சர். அந்தப் பதவி அவருக்கு ஏன் கிடைத்தது என்றால், கன்பராவுக்கு இரண்டு தடவை போய்வந்தவர் அவர் ஒருவர்தான். நான் எங்கள் ஊரின் முதல் பட்டதாரி. பேராதனைப் பொறியியல். இதைச் சொல்லிவிட்டேனா? இன்னும் ஒரு தடவையாவது சொல்வேன்.

கூட்டம் எப்போதும் சரித்திரத்தில்தான் தொடங்கும். ஐம்பத்தாறில் சத்தியாக்கிரகம் என்று குந்தினோம், அறுபத்தொன்றில் அரசாங்கக் கச்சேரி வாசலில் படுத்தோம், இப்போது எழுபத்தேழுத் தேர்தலில் தனிநாட்டுக்கே வாக்குப் போட்டாயிற்று என்பார் தலைவர். இந்தக் 'குந்தினோம், படுத்தோம்' என்பதில் நானும் அடக்கம். அறுபத்தொன்றில் எனக்குப் பதினொரு வயது. படுத்தது உண்மை, கன்னம் வீங்கிக் கூகைக்கட்டு நோயில் வீட்டில் படுத்தேன். அடுத்தது அமைச்சரவை, அதற்கடுத்தது தலைநகரம். தலைநகரத்துக்கு மட்டும் மூன்று சனிக்கிழமை போயிற்று. திருகோணமலை என்று தீர்மானித்தபோது, இருந்தவர்களில் ஒருவர்கூடத் திருகோணமலையைக் கண்டதில்லை. நாட்டின் வரைபடத்தை நான்தான் கீறினேன், அளவுத்திட்டத்தோடு. வடக்கே நேராகப் போகும் புதிய ரயில்பாதை ஓரிடத்தில் மட்டும் காரணமில்லாமல் மேற்கே வளையும். வளையுமிடத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. முதல் பட்டதாரியைத் தந்த ஊருக்கு ஒரு ஸ்டேஷன்கூட இல்லையென்றால் பிறகென்ன விடுதலை?

கடைசியில் வீதம் வரும். தேர்தல் முடிவு வந்த வாரம் எண்பத்தைந்து. அன்றைக்கே இரண்டாவது தேத்தண்ணிக்குப் பிறகு தொண்ணூறு. விக்னராஜா அண்ணரின் மனைவி சந்திரவதனா அக்கா பொரித்த ரோல்ஸ் கருகிய சனிக்கிழமை நாற்பது. ஆவணியில் இலங்கையில் தமிழரைத் தாக்கிய கலவரச் செய்தி வந்த வாரம் ஒருவரும் வீதம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் சொன்னோம்.

நாடு கிடைத்த அடுத்த விமானத்தில் போய் இறங்குவதாக எல்லோரும் சத்தியம் செய்திருக்கிறோம். வீதம் தொண்ணூறாக இருந்த அதே மாதத்தில் விக்னராஜா அண்ணர் பின்வளவில் ஓர் எலுமிச்சங்கன்று நட்டார். நன்றாகக் காய்க்க ஐந்து வருடமாகுமாம். டொக்டர் வீட்டுக்கு இன்னோர் அறை கட்டுகிறார். ஒருவரை ஒருவர் ஏன் என்று கேட்டதில்லை. அந்த அளவு நாகரிகம் எங்களுக்கு உண்டு.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இயக்கத்துக்கு ஐப்பசியில் ஒரு வான்கடிதம் வந்தது.

எழுதியவன் சந்திரவதனா அக்காவின் தம்பி சச்சிதானந்தன். கொழும்பில் ஒரு கொம்பனியில் கிளார்க்காக இருந்தவன். கலவரத்தில் தங்கியிருந்த அறை எரிந்து, முகாமில் கிடந்து, கப்பலில் வடக்கே காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தவன். மாதம் முடியமுன் வேலைக்குத் திரும்பாவிட்டால் பெயரை வெட்டிவிடுவோம் என்று கொம்பனி எழுதியிருக்கிறது. அத்தான் அவுஸ்திரேலியாவுக்கு எடுப்பிப்பதாக இருந்தால் கொழும்புக்குப் போகமாட்டேன், இல்லையென்றால் அதே தெருவுக்குத்தான் திரும்பிப் போகவேண்டும், எதற்கும் உடனே பதில் போடுங்கள் என்று எழுதியிருந்தான். அக்கா குடிவரவுக் கந்தோருக்குப் போய்ப் படிவம் வாங்கிவந்துவிட்டார். அத்தானின் கையெழுத்துத்தான் முதலில் வேண்டும். திங்கட்கிழமை தபாலில் போட்டாக வேண்டும்.

ஒரு கையெழுத்துக்கு இவ்வளவா என்கிறீர்கள்? நீங்கள் இயக்கம் நடத்தியதில்லை. தனிநாட்டுக் குழுவின் தலைவர், அந்த நாட்டில் இருக்கும் இளைஞனை அங்கிருந்து கிளப்பினால் ஊர் என்ன சொல்லும்? மெல்பேர்ன் தமிழர்கள் என்ன சொல்வார்கள்? விக்னராஜா அண்ணர் மச்சானின் கடிதத்தைக் குழுவின் முன் வைத்தார். வீட்டு விஷயம் நிகழ்ச்சிநிரலில் நாலாவதாக வந்தது.

ஒருமணி நேரம் பேசினோம். இளைஞர்கள் எல்லோரும் வெளிக்கிட்டால் வாய்ப்பு இருபது வீதம் குறையும் என்று அரியரத்தினம் அண்ணர் கணித்தார். வெளிநாடுகள் எங்களை மதிக்கமாட்டா என்றார் டொக்டர். 'நெருக்கடி வேளையில் தாயகத்து இளைஞர் தம் மண்ணை விட்டு அகலலாகாது' என்ற தீர்மானத்தை நான் எழுதினேன். முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதினேன். 'அகலலாகாது' பிறகு வந்தது. வந்தபோது எனக்கே புல்லரித்தது. எங்கள் ஊரின் முதல் பட்டதாரி எழுதிய முதல் அரசியல் தீர்மானம் அது.

உரத்து வாசித்து முடித்தேன். குசினிக் கதவு திறந்தது. அக்கா ரோல்ஸ் தட்டோடு வந்தார். தட்டை மேசையில் வைக்கவில்லை.

"எல்லாம் கேட்டனான். நல்ல தீர்மானம்," என்றார். "அதில ஒரு திருத்தம் போடலாமோ?"

திருத்தம் கொண்டுவர யாருக்கும் உரிமை உண்டு என்றார் தலைவர். ஜனநாயகம் அவருக்கு உயிர்.

"இளைஞர் மண்ணை விட்டு வரப்படாது. சரி. வந்தவை எப்ப திரும்பிப் போறியள் எண்டும் எழுதுங்கோ. பேரையும் திகதியையும் போடுங்கோ. ஒருத்தர் திகதி போட்டாலும் காணும், நான் சச்சியை இருக்கச் சொல்லி எழுதுறன்."

தட்டில் ஆவி பறந்தது. ஒருவரும் தொடவில்லை.

டொக்டருக்கு மகளின் பியானோப் பரீட்சை மார்கழியில் இருந்தது. அதற்குப் பிறகு அடுத்த வகுப்புப் பரீட்சை. அரியரத்தினம் அண்ணர் நீண்டகாலச் சேவைக்கான லீவு சேர்வதற்காகக் காத்திருந்தார். அது சேர இன்னும் ஏழு வருடம். தலைவர் யன்னலால் எலுமிச்சையைப் பார்த்தார்.

"நீங்கள், தம்பி?" என்று அக்கா என் பக்கம் திரும்பினார்.

எனக்கு வருகிற புதன்கிழமை நகர மண்டபத்தில் குடியுரிமை வைபவம். மகாராணிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று கையை உயர்த்தப் போகிறேன். கோட்டைச் சலவைக்குக் கொடுத்திருந்தேன். வைபவத்துக்குப் பிறகு யோசிக்கலாம் என்று சொன்னேன்.

"இப்ப சான்ஸ் எத்தினை வீதம், அண்ணை?" என்று அக்கா அரியரத்தினம் அண்ணரிடம் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டம்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்பத்தைய நிலையில... ஒரு பன்னிரண்டு சொல்லலாம்."

விக்னராஜா அண்ணர் எழுந்து சட்டைப்பையில் இருந்த பேனையை எடுத்தார். தீர்மானத்தாளை மெல்ல ஒதுக்கிவிட்டு, அதன் கீழே இருந்த படிவத்தில் கையெழுத்துப் போட்டார். "தலைவராப் போடேல்லை, அத்தானாப் போடுறன்," என்று எங்களுக்குச் சொன்னார். நாங்கள் தலையாட்டினோம். அக்கா தட்டை வைத்தார்.

"தம்பி, மிச்சத்தை நீங்கள் நிரப்புங்கோ. உங்கட எழுத்து வடிவு," என்றார்.

படிவம் நிரப்புவதில் எனக்கு அனுபவம் உண்டு. ஊரில் ஆங்கிலத்தில் வந்த கடதாசி எல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். மளமளவென்று நிரப்பினேன். ஓரிடத்தில் பேனை நின்றது. விண்ணப்பதாரர் அவுஸ்திரேலியாவுக்கு வர விரும்பும் காரணம் என்ன? சற்றுமுன் 'அகலலாகாது' எழுதிய எனக்கு ஒரு வரி வரவில்லை.

"அக்கா இங்க இருக்கிறா எண்டு எழுதுங்கோ," என்றார்.

எழுதினேன். எழுதும்போது இன்னொரு வான்கடிதம் ஞாபகம் வந்தது. என் தம்பி எழுதியது. கொழும்பில் படித்துக்கொண்டிருந்தவன், இப்போது ஊரில். இரண்டு கிழமைக்கு முன்னர் அவனும் தன்னை இங்கே எடுப்பிக்கலாமோ என்றுதான் கேட்டிருந்தான். நான் பதில் எழுதிவிட்டேன்: பொறுமையாக இரு, இங்கே பெரியவர்கள் எல்லாம் எழுபது வீதம் என்கிறார்கள்.

"அக்கா," என்றேன், மற்றவர்களுக்குக் கேளாமல். "வெறும் படிவம் இன்னொண்டு கிடக்குமோ?"

அவர் சிரிக்கவில்லை. அலுமாரியைத் திறந்து ஒரு கட்டை எடுத்தார். "ஆறு வாங்கி வந்தனான். கேப்பியள் எண்டு தெரியும்."

டொக்டருக்குக் காது கூர்மை. அவருக்கு இரண்டு மருமக்கள். அரியரத்தினம் அண்ணருக்கு ஒரு பெறாமகன், தமையனின் மகன். படிவங்கள் நாலாக மடிந்து சட்டைப் பைகளுக்குள் போயின. அதைப்பற்றிக் கூட்டக்குறிப்பில் எதுவும் இல்லை. குறிப்பு எழுதுபவன் நான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

நான் அன்றே தம்பிக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். அதில் வீதம் எதுவும் இல்லை. புதன்கிழமை கையை உயர்த்தினேன். அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு எல்லோரும் வந்திருந்தோம். தேத்தண்ணி நன்றாக இருந்தது. வாய்ப்பு எழுபத்தைந்து.

வாசிக்கிற நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்தப் பக்கத்தின் முதல் வரிகளில், 'சான்ஸ் எப்பிடி?' என்ற கேள்வி வந்தபோது, உங்கள் மனதுக்குள் ஓர் எண் வந்ததல்லவா? நாற்பதோ, அறுபதோ? அப்படியென்றால் டூங்கபி ஸ்டேஷனில் இறங்கி இடதுபக்கம் திரும்புங்கள். எலுமிச்சை நிற்கும் வீடு. உங்களுக்கும் ஒரு கதிரை போட்டிருக்கிறோம்; அக்காவிடம் இன்னும் ஒரு படிவமும் இருக்கிறது.