வாசலிலேயே தேறிய நர்ஸ்

ஆஸ்பத்திரி நர்ஸுகளை இனி வீடு வீடாக அனுப்பி வைத்தியம் பார்ப்பதென்று மேலிடம் முடிவு செய்தது. நல்ல யோசனைதான், யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் வார்டிலேயே காலம் தள்ளியவர்களுக்கு ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைவதென்று தெரியுமா என்று அதிகாரி ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் பின்னாலேயே பயிற்சி வந்துவிடும்.

கறார் சிஸ்டர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். வார்டில் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே நோயாளியைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கட்டிலுக்கடியில் ஒளிய இடம் தேடுவார்கள். அவளுக்கு இந்த வேலை கட்டாயம் வேண்டும். மாமனார் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. வீடு வீடாகப் போகும் வேலையென்றால் நடுவில் ஓடிப்போய் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, வாயில் தண்ணீர் ஊற்றிவிட்டு வரலாம். புரட்டாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும்.

பயிற்சியில் ஊசி மருந்து பற்றிப் பேச்சே இல்லை. கூடத்தின் நடுவே, சுவரில்லாமல், ஒரு கதவை மட்டும் நிறுத்தி, அதன் பின்னால் நோயாளியாக ஒருவரைப் படுக்கவைத்திருந்தார்கள். கறார் சிஸ்டர் அதைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

"என்னம்மா இது?" என்று பயிற்சி அதிகாரி பதறினார்.

"பேஷண்ட் இங்கதானே சார் கிடக்கறாரு?"

"கிடக்கட்டும். வீடு அவரோட ராஜ்ஜியம். அனுமதி இல்லாம நுழைஞ்சா அது சிகிச்சை இல்லை, படையெடுப்பு!"

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பிறகு அவள் வெண்கலக் குரலைத் தேனில் ஊறப்போட்டுப் புதுக் குரலாக எடுத்தார்கள்.

தேர்வுக்கு நிஜ வீடு வேண்டியிருந்தது. ஊரில் ஒருவரும் வீடு தரவில்லை. கடைசியில் அவள் வீட்டையே அதிகாரி தேர்ந்தெடுத்தார். பரீட்சையோடு பரீட்சையாக மாமாவைப் புரட்டிவிடலாம் என்று அவளுக்கும் சந்தோஷம். வாசலில் கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். அதிகாரி வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"சாவி வெச்சிருக்கறது மத்த தேர்வர்களுக்குச் செய்யற அநீதி."

"இது என் வீடு சார்!"

"தேர்வு நிறைவு விழா முடியறவரைக்கும் இல்லை. நடுநிலையை முன்னிட்டு, இவ்வில்லத்துக்குத் தாங்கள் அந்நியர் எனக் கருதப்படுவீர்கள்."

"கருதிக்கோங்க. அவரால எழுந்து கதவு திறக்க முடியாதே?"

"உள்ளேருந்து சம்மதம் சொன்னாப் போதும், சாவி தர்றேன். ஆனா மாமான்னு கூப்பிட்டா ஃபெயில். உறவு கொண்டாடி நோயாளியை மயக்கறது ஒழுங்கீனம்."

அவள் மணியை அழுத்திவிட்டு விலகி நின்று புன்னகைத்தாள்.

"யாரது?"

"வணக்கம் ஐயா. தங்கள் இல்லம் நாடி வந்துள்ள செவிலியர். தங்களைப் புரட்டிப் படுக்கவைக்க அனுமதி உண்டா?"

"முன்னப்பின்னத் தெரியாத பொம்பளை என்னை எதுக்குப் புரட்டணும்? என் மருமகளே நர்ஸு. இப்ப வந்துடுவா. நீ கிளம்பும்மா!"

அதிகாரிக்கு ஆனந்தக் கண்ணீர் வந்துவிட்டது. "மறுப்பு! பாடத்தோட கடைசி அத்தியாயம்! இதைக் கண்ணால பார்ப்பேன்னு நான் நினைக்கவே இல்லை."

'மாமா, நான்தான்' என்பது அவள் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் மறுபடி வார்டுதான். அப்புறம் அவரைப் பகலில் புரட்ட நாதியில்லை. விழுங்கிக்கொண்டாள்.

"தங்கள் விருப்பத்தை மதிக்கிறேன் ஐயா" என்று முதுகு காட்டாமல் பின்னுக்கு நடந்து படியிறங்கினாள். கூட வந்த நர்ஸுகள் கை தட்டினார்கள். மாடியிலிருந்து வேடிக்கை பார்த்த அக்கம்பக்கத்தாரும் தட்டினார்கள்.

அவளுக்கே முதலிடம். விழா, பாராட்டுரை, போட்டோ எல்லாம் முடிந்து சாவி கைக்கு வர விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. ஓடிவந்து கதவைத் திறந்தாள். மாமனாரின் முதுகு செக்கச்செவேலென்று கன்றியிருந்தது. ஒரு வார்த்தை கேட்காமல் அவரைப் புரட்டிப்போட்டு, தண்ணீர் புகட்டினாள்.

அவர் குடித்து முடித்து, முனகிக்கொண்டே சொன்னார்:

"மத்தியானம் ஒரு நர்ஸு வந்தாம்மா. தங்கமான பொண்ணு. போன்னு சொன்னதும் மரியாதையாப் போயிட்டா. நீயும்தான் இருக்கியே, வந்ததும் வராததுமா என்னை உருட்டற. நாளையிலேருந்து அவளையே வரச் சொல்லு."