வெள்ளைக் கட்சியின் ஒரு ஓட்டு வெற்றி

கொள்கைக்காக முழங்காலைத் தியாகம் செய்தவர்களின் பட்டியலை யாராவது எழுதினால், ஆறாம் மாடி வாத்தியார்தான் முதல் வரியில் வர வேண்டும். அந்த முழங்கால் அவர் மனைவியுடையது என்பது சிறு விவரம். பிற்பாடு தன்னைப் பற்றி அவரே இப்படித்தான் சொல்லிக்கொண்டார், சிரிக்காமல்.

பதினெட்டு வருடங்களுக்கு முன், அந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வெள்ளை அடிப்பதா, சந்தன நிறம் அடிப்பதா என்று ஒரு கூட்டம் நடந்தது. அன்று பிறந்தவைதான் வெள்ளைக் கட்சியும் சந்தனக் கட்சியும். வாத்தியார் வெள்ளைக்குக் கை தூக்கினார். தூக்கிய கையைக் கொள்கையளவில் இன்றுவரை இறக்கவில்லை.

இந்த வருடக் குடியிருப்போர் சங்கத் தேர்தலில் சந்தனக் கட்சி நிறுத்தியது ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை. கட்டடத்தின் லிஃப்ட் நின்று ஏழு மாதம் ஆகியிருந்தது. "செயலாளர் ஆனா மோட்டார் அறைச் சாவி என் கைக்கு வரும். பத்தே நாள்ல ஓட வைக்கிறேன்" என்றார் அவர். வெள்ளைக் கட்சி வேட்பாளர் தரைத்தளத்துக்காரர். "படியேறுவது உடம்புக்கு நல்லது" என்பதே அவருடைய தேர்தல் அறிக்கை, முழுவதும்.

வாத்தியார் மனைவிக்கு முழங்கால் மடங்காது. ஏழு மாதமாகத் தெருவை மிதிக்கவில்லை. தேர்தல் அன்று காலை தன் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்தாள். இறங்க இயலாதோர் ஓட்டுச் சீட்டை உறையிலிட்டுக் கொடுத்தனுப்பலாம் என்பது சங்க விதி.

"மெக்கானிக்குக்குப் போட்டிருக்கேன். பெட்டியில சேர்த்துடுங்க."

"அவர் அந்தக் கட்சிம்மா."

"லிஃப்ட் எந்தக் கட்சி?"

பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி. வாத்தியார் கிளம்பிவிட்டார்.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்று உறையைப் பிரித்தார். முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய கை, தவறான விடையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? பென்சில் குறியை அழித்து, "சரியான" கட்டத்தில் போட்டார். உறையை மறுபடி ஒட்டினார். அதைக் கடமை என்று எடுத்துக்கொண்டார்.

வெள்ளைக் கட்சி வென்றது. தரைத்தளத்தில் எல்லோரும் அவர் தோளைத் தட்டினார்கள். ஆறு மாடியும் ஏறி, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரு ஜெயிச்சா?"

"நம்ம ஆள்தான்."

"எத்தனை ஓட்டுல?"

"ஒண்ணு."

மனைவி அவரையே பார்த்தாள். "அது என் ஓட்டுதானே?"

வாத்தியாருக்கு வெட்கமாக இருந்தது. படியேறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை என்பதுபோல் நின்றார்.

"சரி விடுங்க. ஒரு சந்தேகம். தினம் ரெண்டு தடவை கீழ போய்ட்டு வர்றீங்க. நம்ம கட்டடம் இப்ப என்ன நிறத்துல இருக்கு?"

வெள்ளை என்று சொல்ல வாயெடுத்தார். பாசியும் புகைக்கறையும் நினைவுக்கு வந்தன. அவற்றுக்கடியில் வெள்ளை ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்ததே இல்லை.

"போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்."

"வேண்டாம். லிஃப்ட் ஓடினப்புறம் நானே பார்த்துக்கறேன். இப்ப வாசல்ல இருக்கற என் செருப்பை எடுத்து உள்ள வைங்க."