இடிச்சீட்டு அண்ணன்

போலீசுக்குப் பயப்படாதவனை மதுரையில் பார்த்திருக்கிறேன். மாமியாருக்குப் பயப்படாதவனைக்கூட ஒருமுறை பார்த்திருக்கிறேன். இடிச்சீட்டு அண்ணனுக்குப் பயப்படாத ஒருவனை எழுபதுகளின் ஆரப்பாளையத்தில் நான் பார்த்ததே இல்லை.

கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது அண்ணனின் தொழில். நாங்கள் மாத வாடகைக்குத் தங்கியிருந்த லாட்ஜில் மாடிப்படியை ஒட்டிய அறை அவருடையது. ஞாயிறானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒத்தக்கடைப் பக்கமோ வாடிப்பட்டிப் பக்கமோ போய்விடுவார். வயல், கிணறு, பாம்பு, பறவை என்று கண்ணில் பட்டதையெல்லாம் வேட்டிப் பெட்டி அட்டையில் மிச்ச பெயின்ட்டை வைத்து வரைந்து, குறி சொல்லும் சீட்டாக்கிவிடுவார். கிளி ஜோசியக்காரர்களைப் போலச் சாமி படம் போடக் கூடாதா என்று கேட்டேன்.

"சாமிய வச்சா எல்லாருக்கும் நல்லதாத்தான் சொல்லணும் மாப்ள. பாம்புக்கு அந்தக் கட்டாயம் இல்லைல?"

லாட்ஜில் யார் முக்கியமான காரியமாகக் கிளம்பினாலும் இடது கையால் ஒரு சீட்டு எடுத்துவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். எடுக்கவும் பயம்; எடுக்காமல் போவது அதைவிடப் பயமாக இருந்தது. வங்கியில் வேலை பார்த்த செல்வம் கட்டுவிரியன் சீட்டை எடுத்துவிட்டு, மாதக்கணக்கில் மேசை மேல்தான் படுத்தான். "ஒண்ணும் ஆகாதுல்லண்ணே?" என்று அவன் கேட்டதற்கு அண்ணன் சொன்ன ஆறுதல் இது:

"ஒண்ணும் ஆகாது மாப்ள. கொஞ்சந்தான் ஆகும்."

வாடிப்பட்டிக்குப் பெண் பார்க்கப் போன காலையில் எனக்கு வந்தது இடி விழுந்த பனை. கருகிய மரம், தலையில் தீ. அந்தச் சீட்டுக்கட்டிலேயே மோசமான சீட்டு அதுதான். அண்ணனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் அதுதான். பெண் வீட்டு வாசலிலேயே ஒரு பனை நின்றது. நாற்காலியைச் சுவரோரமாக இழுத்து இழுத்துப் போட்டேன். "பொண்ணு பாக்க வந்தவரு மரத்தையே பாக்குறாரே" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியைத்தான் நிச்சயம் செய்தார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின மாதம் அண்ணனுக்கு வயிற்றுவலி வந்தது. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை தனக்கென்று சீட்டே எடுத்திராத மனுஷன் பிடிவாதம் பிடித்தார்.

"காலைல எனக்கு நானே சீட்டு எடுப்பேன். நல்லது வந்தா ஆஸ்பத்திரிக்கு வாரேன். இல்லைன்னா என்னைய விட்டுருங்க."

அந்தச் சீட்டுக்கட்டில் நல்லது எங்கே இருக்கிறது? சாயங்காலம் அவர் குளிக்கப் போன நேரத்தில் அறைக்குள் நுழைந்து, பனையை உருவிச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். வெளியே வந்தால் படியில் செல்வம் எதற்கோ காத்துக்கொண்டு நின்றான்.

காலையில் அண்ணன் துண்டை விரித்துச் சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தார். செங்கல் கனத்துக்கு இருந்த கட்டு, விரல் தடிமன்கூட இல்லை. நான் செல்வத்தைப் பார்த்தேன். செல்வம் லாட்ஜ் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார். இந்த மனுஷன் இப்போது கட்டைத் தூக்கியெறிந்துவிட்டுப் படுத்துக்கொண்டால் என்ன செய்வது?

அண்ணன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எடுத்ததுதான் எடுத்தீங்க, எடது கையாலதான எடுத்தீங்க?"

அவர் ஒரு சீட்டை உருவினார். பூத்த வேம்பு. "சரி, கெளம்புங்க, வாரேன்" என்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

பிழைத்து வந்தார். சீட்டுகளை அவரும் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. பிறகு எந்த ஊருக்கோ போய்விட்டார்.

பனை இன்னும் என் பீரோவில், மனைவியின் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. வெளியே இடி இடித்தால் அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்கிறேன். அண்ணன் எந்த வெட்டவெளியில் சைக்கிளோடு நிற்கிறாரோ.