றில்வானின் பெட்டியும் என் பலகையும்

ஸ்பிரிங்வெளி,
பதுளை.
ஞாயிறு காலை.

பேரன்புக்குரிய மச்சான் கஜேந்திரன் அவர்கள் சமூகத்துக்கு,

தங்கள் தங்கையின் புருஷன் புவனேந்திரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கலாராணியும் பிள்ளைகளும் விடாத மழையைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே டோஹாவில் வெயில் தணிந்து, தங்கள் முதுகுவலியும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். வட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நான் வொய்ஸ் அனுப்பினால் நீங்கள் அதை ரூமில் எல்லாருக்கும் கேட்கும்படி போடுகிறீர்கள். உங்கள் பதிலில் பின்னால் ஆட்கள் சிரிக்கிற சத்தம் வருகிறது. இது சிரிக்கிற விஷயம் இல்லை. ஆகவே லீவு முடிந்து டோஹா திரும்புகிற பவாஸிடம் உறையை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன்.

போன கிழமை நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "லீவுக்கு வாறப்ப நான் வேலை செய்யிற மியூசிக் கடையிலேயே எடுத்துட்டு வர்றேன் மச்சான். கிட்டாருக்குத் தனித்தனிப் பெடலா, இல்ல எல்லாம் சேர்ந்த மல்டியா, ஒண்ணச் சொல்லுங்க" என்றீர்கள். என் பதில் தனித்தனிப் பெடல். ஏன் என்பதைக் கீழே விளக்கமாக எழுதுகிறேன். இதில் பொறாமை எதுவும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கலா உங்களிடம் வேறு மாதிரிச் சொல்லியிருப்பாள்.

உங்களுக்குத் தெரியும், மாரிசாமி அண்ணன் இசைக்குழு தொடங்கிய நாளிலிருந்து அதில் முதல் கிட்டார் நான்தான். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற நேரம் போக மிச்ச உயிரெல்லாம் அதில்தான் இருக்கிறது. காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றுகிற என் பெடல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். சத்தத்தைக் கரகரப்பாக்க ஒன்று, எதிரொலிக்க ஒன்று, அலையடிக்க ஒன்று, குழந்தை மாதிரி அழவைக்க ஒன்று. எல்லாவற்றையும் ஒரு பழைய அலுமாரிக் கதவுப் பலகையில் வரிசையாக ஆணியடித்துப் பூட்டி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வயர் கொடுத்து, எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போவேன். நாங்கள் போகிற வானில் அதற்கு ஒரு சீட் வேண்டும். அந்தச் சீட்டில் உட்கார வேண்டிய ஆள் பஸ்ஸில் வருவார். யாரும் இதுவரை முகம் சுளித்ததில்லை, அதாவது என் முன்னால் சுளித்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மாரிசாமி அண்ணன் இரண்டாவது கிட்டாருக்கு என்று றில்வானைக் கூட்டிக்கொண்டு வந்தார். பதுளை பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற பையன். கழன்று விழுந்த என் கண்ணாடியின் காலைக்கூட அவன்தான் பூட்டித் தந்தான், அதற்குப் பிறகு அவனை இன்னும் தெளிவாகப் பார்க்க முடிகிறது. நல்ல உயரம், நல்ல பல். தோளில் ஒரு சின்னப் பை. பைக்குள்ளே ஒரே ஒரு பெட்டி, அதுதான் மல்டி. மற்றவர்கள் ஒலிபெருக்கி இறக்கி முடிக்கும் முன்னே அவன் அதைக் கீழே வைத்து, ஒரு வயரைச் செருகி, காலைத் தட்டிக்கொண்டு நிற்பான். நான் அப்போது குப்புறப் படுத்து, எந்த வயர் எங்கே போகிறது என்று தேடிக்கொண்டிருப்பேன். அவன் உடனே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மாஸ்டர், புடிக்கவா?" என்பான். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். ஒரு வார்த்தை திமிராகப் பேசினால் என்ன மச்சான், மனுசனுக்கு நிம்மதியாகக் கோபப்படவாவது ஒரு வழி கிடைக்குமே.

வெலிமடைக் கல்யாணத்தைப் பற்றிக் கலா சொல்லியிருப்பாள். சரியாக நடந்ததை நான் சொல்கிறேன். மரக்கறித் தோட்டக்காரர் வீட்டுக் கல்யாணம், ஹோல் நிறைய ஆட்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் கை பிடித்து மேடைக்கு நடந்து வருகிறார்கள், கலா மெதுவாகப் பாட்டை எடுக்கிறாள், நான் அழவைக்கிற பெடலை மிதிக்கிறேன். கிட்டாருக்குப் பதிலாக ஒரு ஆம்பிளைக் குரல் ஒலிபெருக்கியில், "இன்றைய மரக்கறி மொத்த விலை, கெரட்" என்றது. ஏதோ ஒரு வானொலி என் வயர்களுக்குள் புகுந்துவிட்டது. தனித்தனிப் பெடலில் வயர் கூட, அதனால் சில நேரம் இப்படி நடப்பதுண்டு, இது உலகத்தில் எல்லாருக்கும் வருவது. நான் காலை எடுத்தேன், குரல் போகவில்லை. வேறு பெடலை மிதித்தேன், அதே குரல் எதிரொலியோடு வந்தது. கலா பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை உங்கள் குடும்பத்துப் பார்வை, விளக்க வேண்டியதில்லை. நான் வயரைப் பிடுங்கப் போகிற நேரம் மாப்பிள்ளையின் அப்பா முன்வரிசையில் இருந்து எழும்பி வந்து, "தம்பி, கை வைக்காதீங்க, லீக்ஸ் சொல்லப்போறான்" என்றார். மணமக்கள் பாதி வழியில் நிற்கிறார்கள். பின்னால் இருந்த பந்தி ஆட்கள்கூட கையை இலையிலேயே வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். போஞ்சிக்கு விலை இறங்கியது என்றதும் ஒரு கிழவர் தலையில் கை வைத்தார். பயந்துபோய்க் கடைசியில் எல்லா வயரையும் பிடுங்கினேன். ஹோல் அமைதியானது. எங்கிருந்தோ ஒருவர், "கிழங்கு இன்னும் சொல்லலியே" என்றார்.

அந்த நேரத்தில் றில்வான் தன் பெட்டியில் ஒரு பொத்தானை மிதித்தான். மச்சான், உண்மையை எழுதுகிறேன், பாகு வடிகிற மாதிரி ஒரு சத்தம். மணமக்கள் நடக்கத் தொடங்கினார்கள். கலா பாடினாள், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். கல்யாணம் ஆனதிலிருந்து என் கிட்டாருக்குப் பாடுகிறவள் ஒரு நாளும் கண்ணை மூடியதில்லை. நான் எங்கே பிழை விடுவேன் என்று பார்த்துக்கொண்டேதான் பாடுவாள். அந்த மூடிய கண்ணை நான் என் பலகைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கை தட்டினார்கள். றில்வான் என்னைக் காட்டி, "மாஸ்டர் வாசிக்கிறதப் பாத்துத்தான் நான் பழகினது" என்று மைக்கில் சொன்னான். இதைவிட என்னை அடித்திருக்கலாம்.

திரும்பி வரும்போது வானில் கலா சொன்னாள், "அந்தத் தம்பி வாசிச்சா பாடுறதுக்கு மெத்தையில நடக்குற மாதிரி இருக்கு."

"என்னோடது எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "லுணுகலை ரோட்ல பஸ்ல போற மாதிரி. எப்படியும் போய்ச் சேர்ந்துருவோம்."

மாரிசாமி அண்ணன் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினார். என் பலகை அவர் மடியில் இருந்தது.

அடுத்த ஞாயிறு மாரிசாமி அண்ணன் கடைக்குப் பின்னால் உள்ள அறையில் எங்களுக்குப் பயிற்சி. றில்வான் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போனான். கலா முன்பக்கத்தில் அண்ணனின் மனைவி விஜயலெட்சுமி அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள். அறையில் நான் தனியாக. அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன், வேறு எண்ணம் இல்லை. பார்க்க வேண்டுமென்றால் வயரைச் செருகத்தானே வேண்டும். செருகினால் ஒரு பொத்தானை மிதிக்கத்தானே வேண்டும். நான் வழக்கமாக வாசிக்கிறதையே வாசித்தேன். மச்சான், என் கையா அது. நான் இத்தனை காலம் இப்படித்தான் கேட்க வேண்டும் என்று நினைத்து வாசித்த சத்தம், அப்படியே வெளியில் வந்தது. நான் கண்ணை மூடிவிட்டேன்.

முன்பக்கத்தில் பேச்சு நின்றது. கலா அங்கிருந்தே சத்தமாகச் சொன்னாள், "றில்வான் தம்பி, இன்னைக்கு என்னமோ ரொம்ப உருக்கமா வாசிக்கிறீங்க. மனசு என்னவோ பண்ணுது."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சந்தோசப்பட்டால் அவனுக்காகச் சந்தோசப்பட்டதாகிவிடும், கோபப்பட்டால் என் மேலேயே கோபப்பட வேண்டும். நான் வாசித்ததற்கு நானே வயிறெரிந்துகொண்டு நிற்கிறேன், கதவைத் திறந்துகொண்டு றில்வான் வந்துவிட்டான். எல்லாவற்றையும் பார்த்தான். முன்பக்கம் திரும்பி, "நான் இல்லக்கா, மாஸ்டர்தான் வாசிச்சது" என்றான்.

கலா சிரித்தாள். "சும்மா சொல்லாதீங்க தம்பி. அவர் வாசிக்கிறது எனக்குத் தெரியாதா?"

இப்போது சொல்லுங்கள், எனக்கு மல்டி தேவையா? அதை நான் வாங்கினால் என்ன நடக்கும் என்று கணக்குப் படித்தவன் என்ற முறையில் யோசித்துப் பார்த்தேன். நான் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் அது றில்வான் மாதிரி இருக்கிறது என்பார்கள். நன்றாக வாசிக்காவிட்டால் றில்வான் மாதிரி இல்லை என்பார்கள். இரண்டு பக்கமும் அவன் பேர்தான் வருகிறது. தனித்தனிப் பெடலில் அந்தத் தொல்லை இல்லை. ஒன்று பழுதானால் மற்றது வேலை செய்யும், மல்டியில் ஒன்று போனால் எல்லாமே போச்சு. பெடலில் குமிழைக் கையால் திருகினால் சத்தம் மாறுவது கண் முன்னால் தெரியும், மல்டியில் கண்ணாடிக்குள் ஏதோ எழுத்து ஓடுகிறது. அதை வாசிக்கவும் றில்வான் கடைக்குத்தான் போக வேண்டும். ஆகவே எதிரொலிக்கிற நல்ல டிலே பெடல் ஒன்றும், வானொலி உள்ளே வராத தரமான வயர்களும், எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் கரண்ட் கொடுக்கிற பெட்டி ஒன்றும் எடுத்து வாருங்கள். மல்டியைக் கண்ணாலும் பார்க்க வேண்டாம். இது என் உறுதியான முடிவு, இதில் எந்த மாற்றமும் கிடையாது.

அங்கே நேரத்துக்குச் சாப்பிடுங்கள், குளிர்பெட்டித் தண்ணீரைக் குறையுங்கள். தோட்டத்துக் கோயில் காளியம்மன் தங்களைக் குறையில்லாமல் பார்த்துக்கொள்வாள். கலாவும் பிள்ளைகளும் தங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள். கலா இந்தக் கடிதத்தை வாசிக்கவில்லை, வாசிக்கவும் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் நலத்தை என்றும் வேண்டும்
மச்சான் மு. புவனேந்திரன்

பி.கு.: உறையை ஒட்டியதைத் திரும்பக் கிழித்துவிட்டு எழுதுகிறேன். இப்போதுதான் றில்வான் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிறான். மல்டியைப் பண்டாரவளையில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டானாம். "என்னதான் இருந்தாலும் மாஸ்டர், உங்கட பெடல் சத்தத்துல ஒரு உயிர் இருக்கு, அது இதுல வரல்ல" என்கிறான். தனித்தனிப் பெடலாக வாங்கிப் பலகையில் பூட்டிக்கொண்டு வந்து காட்டினான். பலகைக்கு வார்னிஷ் அடித்து, நான்கு மூலையிலும் பித்தளை வைத்திருக்கிறான். கலா அதைத் தடவிப் பார்த்து, "எவ்வளவு வடிவா இருக்கு தம்பி" என்றாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிட்டு எனக்கு மல்டியே கொண்டு வாருங்கள், கடையில் இருப்பதிலேயே பெரியதாக. என் பலகையை இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது அவள் அப்படித் தடவிப் பார்த்திருக்கிறாளா என்று, நான் கேட்டதாகச் சொல்லாமல், நீங்களே கேட்டு எழுதுங்கள்.