சுக்கானின் நகம்

"அசையாதலே. ஒரே ஒரு நகந்தான்" என்று ஹென்றி மூன்றாவது தடவையாகக் கெஞ்சினார். சுக்கான் முன்னங்காலை அவர் மடியில் கொடுத்துவிட்டு, முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது.

சுக்கான் ஹென்றியின் நாய் அல்ல. கொழும்புக்குத் தோணி ஓட்டும் தண்டல் இனிகோவின் நாய். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் தோணிகள் கரையில் கிடக்கும். அப்போது தண்டல் மணப்பாட்டில் மகள் வீட்டுக்குப் போய்விடுவார், நாய் ஹென்றியிடம் வரும். இது மூன்றாவது வருடம். ஹென்றிக்குப் பிள்ளை இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது சங்கு குடோன் வாசலில் தனக்காக ஒரு ஜீவன் காத்திருக்கிறது என்பதில் அவருக்கு இருந்த பெருமை, போன வருடம் புதுத் துறைமுகம் திறந்தபோது ஊருக்குக்கூட இருந்திருக்காது.

மறுநாள் காலை வருவதாகத் தண்டல் சொல்லி அனுப்பியிருந்தார். வினை மனைவி பிலோமியின் வாயில் வந்தது.

"நகத்தைப் பாத்தியளா? கொக்கி மாதிரி வளந்து கிடக்கு. நாயைப் பாக்கத் துப்பில்லன்னு அடுத்த வருசம் வேற வீட்டுல விட்டுறப் போறாரு."

ஹென்றி உடனே நாயின் காலைத் தூக்கிப் பார்த்தார். ஆனாலும் வீறாப்பாகச் சொன்னார்: "ஏளா, இருபது வருசமா சங்கு நுனியை நறுக்கி ராவுதேன். எனக்கு நாய் நகம் எம்மாத்திரம்?"

"சங்கு செத்தபொறவுதான ஒங்க கைக்கு வருது?"

நல்ல கேள்வி. நல்ல கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பழக்கம் ஹென்றிக்கு இல்லை.

முதலில் பிலோமியின் தையல் கத்தரி. நகம் அறுபடவில்லை, கத்தரியின் ஆணிதான் கழன்று விழுந்தது. அடுத்து குடோன் குறடு. நகமோ கன்னங்கறுப்பு. உள்ளே சதை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சங்கை நறுக்கும் அளவிலேயே ஒரு போடு போட்டார்.

சுக்கான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள் அடுப்பை விட்டு ஓடிவந்தாள். அதற்குள் நாய் வீடு முழுக்க ரத்தக் கோலம் போட்டு, பிலோமி பூசைக்கென்று மடித்து வைத்திருந்த வெள்ளைச் சேலையில் ஏறி நின்று மூச்சு வாங்கியது.

"முத்துக் குளிக்கவனுக்கு வேற மருந்து உண்டா? கடல்தண்ணி பட்டா ஆறிரும்" என்று ஹென்றி நாயைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. காலைத் தண்ணீரில் முக்கியதும், கடலிலேயே வளர்ந்த நாய் முதன்முறையாகக் கடலைப் பார்த்து ஊளையிட்டது.

பின்னாலேயே வந்த பிச்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர் பங்களாவில் நாய் குளிப்பாட்டியவள்.

"கூறுகெட்டவனே! கோதுமை மாவை வச்சு அமுக்கிப் பிடி, ரத்தம் நின்னுரும். நகத்துக்குள்ள நரம்பு ஓடுது. கறுப்பு நகம்னா நுனியை அரிசியளவு அரிசியளவாத்தான் எடுக்கணும். தடவிக் கொடுத்து, ஒரு நாளைக்கு ரெண்டு நகம் போதும்."

"இதை முன்னாலயே சொல்லப்படாதா அக்கா?"

"நீ எங்கடா கேட்ட?"

மாவை வைத்ததும் ரத்தம் நின்றது. ஹென்றி அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு நகம் குட்டையாகவும் மற்றவை நெட்டையாகவும் இருந்தால் தண்டல் கண்டுபிடித்துவிடுவாரே! அரத்தை எடுத்துக்கொண்டு மெதுவாகக் கிட்டப் போனார். சுக்கான் கட்டிலுக்கடியில் புகுந்து உறுமியது.

வறுத்த சீலா மீனை நீட்டினார். அது தலையைத் திருப்பிக்கொண்டது. அதே துண்டைப் பிலோமி வைத்தாள். வாலை ஆட்டிக்கொண்டு தின்றது.

ஹென்றி வெறுந்தரையில் படுத்து, கட்டிலுக்கடியில் பார்த்து, "தப்புதாம்லே, மன்னிச்சிரு" என்றார். மூன்று வருடமாக நம்பிக் கொடுத்த காலை ஒரே நிமிடத்தில் நாசம் பண்ணிவிட்டோமே என்று அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. சுக்கான் காலை நெஞ்சுக்கடியில் ஒளித்துக்கொண்டது.

காலையில் தண்டல் வந்தார். கூடவே தோணிச் சமையல்காரர் பவுல். குரல் கேட்டதும் சுக்கான் நொண்டிக்கொண்டே ஓடி வந்தது. ஹென்றி தடவிக் கொடுக்கக் கையை நீட்டினார். அவ்வளவுதான், அது தண்டலின் கால்களுக்கிடையில் புகுந்து நடுங்கியது.

தண்டல் நாயைப் பார்த்தார். ஹென்றியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மென்று விழுங்கினார்.

"சரி ஹென்றி. நான் வாரேன்" என்று நாயைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். நகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹென்றி யோசித்து வைத்திருந்த மூன்று பொய்களும் வீணாயின.

சுக்கானின் தட்டை எடுக்க நின்ற பவுலின் கையைப் பிடித்துக்கொண்டார் ஹென்றி. "அடுத்த வருசமும் இங்கனதான விடுவாரு? நீங்க கொஞ்சம் சொல்லுங்க பவுல்."

பவுல் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அதுக்கு வயசாயிட்டு, தோணியில கால் நிக்க மாட்டேங்குது, இனிமே ஒங்ககூடயே இருக்கட்டும்னு சொல்லத்தான், அண்ணாச்சி, தண்டல் இன்னைக்கு வந்தாரு; அது ஒங்களக் கண்டு நடுங்குனதப் பாத்துட்டுத்தான் கூட்டிட்டுப் போறாரு."